வாய்ப்பூட்டு விதி முதல் உள்நாட்டுப் போர் வரை: அமெரிக்காவில் உரையாடல் முறிந்த வரலாறு

முன்னுரை

1861 ஏப்ரல் 12 அதிகாலையில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையின்மீது பீரங்கிகள் முழங்கின. அன்று தொடங்கி நான்கு ஆண்டுகள் நீடித்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். போரின் மூல காரணம் அடிமை முறை. ஆனால் தேர்தல், நாடாளுமன்றம், நாளிதழ், பொதுக்கூட்டம் எல்லாம் இருந்த ஒரு நாட்டில், எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே அரசியலமைப்பின்கீழ் வாழ்ந்தவர்களால் அந்தச் சிக்கலை ஏன் பேசித் தீர்க்க முடியவில்லை என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி.

இரு தரப்பிலும் பேச்சு தடித்தது, வார்த்தை முற்றிக் கைகலப்பானது, கைகலப்பு முற்றிப் போரானது என்று இதற்கு விடை சொல்வது வழக்கம். நிகழ்வுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. பேச்சு தடிப்பதற்கு முன்பே பேச்சு தடுக்கப்பட்டது. அதுவும் அமைதி, ஒற்றுமை, அவை நாகரிகம் ஆகியவற்றின் பெயரால் தடுக்கப்பட்டது.

பேசப்படாத பொருள்

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் அடிமை முறைக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் 'அடிமை' என்ற சொல் இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்காக எண்ண வேண்டும் என்ற பிரிவுகூட 'ஏனைய நபர்கள்' என்றே அவர்களைக் குறிப்பிட்டது. சங்கடமான பொருளைப் பெயர் சொல்லாமல் கடந்து போகும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

வட மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிமை முறையைக் கைவிட்டன. தெற்கிலோ நிலைமை நேர்மாறாகச் சென்றது. 1793இல் எலி விட்னி உருவாக்கிய, பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறியும், இங்கிலாந்து ஆலைகளின் தீராத பஞ்சுத் தேவையும் பருத்திச் சாகுபடியை மேற்கு நோக்கி விரித்தன. 1830இல் சுமார் 20 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் சுமார் 39.5 லட்சமாக உயர்ந்தது. அடிமைகள் உழைப்பாளிகள் மட்டுமல்லர். விற்கவும் அடகு வைக்கவும் கூடிய சொத்து. எனவே அடிமை முறைக்கு எதிரான ஒரு கட்டுரையைத் தென் பகுதிப் பண்ணையார்கள் வெறும் கருத்தாகப் பார்க்கவில்லை. தங்கள் முதலின்மீதும், அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் தங்கள் உயிரின்மீதும் வைக்கப்படும் தீயாகவே அதைப் பார்த்தார்கள்.

வர்ஜீனியாவின் கடைசி விவாதம்

1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சவுத்தாம்ப்டன் பகுதியில் நாட் டர்னர் என்ற அடிமையின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. ஏறத்தாழ 55 வெள்ளையர்கள் கொல்லப்பட்டனர். பழிவாங்கலாகக் கறுப்பின மக்கள் பலர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். டர்னர் தூக்கிலிடப்பட்டார்.

இதற்குப் பின் நடந்தது கவனிக்கத்தக்கது. 1832 ஜனவரியில் வர்ஜீனியா சட்டமன்றம் அடிமை முறையைத் தொடரலாமா என்று வெளிப்படையாக விவாதித்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் பேரன் தாமஸ் ஜெபர்சன் ராண்டால்ஃப், படிப்படியாக அடிமைகளை விடுவிக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். விடுதலைக்குச் சாதகமான தீர்மானம் 73க்கு 58 என்ற வாக்குகளில் தோற்றது. பதினைந்து பேரின் வேறுபாடு மட்டுமே. தென் மாநிலச் சட்டமன்றம் ஒன்றில் இப்பொருள் குறித்து நடந்த கடைசித் திறந்த விவாதம் அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் அடிமை ஒழிப்பை ஆதரித்து எழுதுவதையும் பேசுவதையும் குற்றமாக்கும் சட்டங்கள் தென் மாநிலங்களில் வந்தன, இருந்தவை கடுமையாயின. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதும் பல மாநிலங்களில் தண்டனைக்குரியதானது.

அஞ்சல் பைகள் எரிந்தன

1831 ஜனவரி 1 அன்று வில்லியம் லாயிட் காரிசன் பாஸ்டன் நகரில் 'லிபரேட்டர்' என்ற இதழைத் தொடங்கியிருந்தார். 1833இல் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் பிலடெல்பியாவில் உருவானது. 1835இல் அச்சங்கம் தன் வெளியீடுகளை அஞ்சல் வழியாகத் தென் பகுதியின் முக்கியப் பிரமுகர்களுக்கு அனுப்பியது. அவற்றைப் படிக்க யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. பிடிக்காதவர்கள் குப்பையில் போட்டிருக்கலாம்.

ஜூலை இறுதியில் சார்ல்ஸ்டனில் ஒரு கூட்டம் அஞ்சலகத்துக்குள் புகுந்து அந்தப் பைகளை எடுத்துச் சென்றது. மறுநாள் இரவு, காரிசன் போன்றோரின் கொடும்பாவிகளுடன் அவை எரிக்கப்பட்டன. தலைமை அஞ்சல் அதிகாரி ஏமஸ் கெண்டல் எரித்தவர்களைக் கண்டிக்கவில்லை. அத்தகைய தபால்களை உள்ளூர் அதிகாரிகள் நிறுத்தி வைத்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்ற நிலையையே அவர் எடுத்தார். குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன், தெற்கில் இவ்வகை வெளியீடுகள் அஞ்சலில் செல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். அந்தச் சட்டம் நிறைவேறவில்லை. ஆனால் நடைமுறையில் தெற்கின் அஞ்சலகங்கள் அத்தபால்களுக்குக் கதவடைத்தன.

தெற்கிலேயே பிறந்தவர்களுக்கும் விலக்கு இல்லை. ஏஞ்சலினா கிரிம்கே சார்ல்ஸ்டனில் அடிமைகளை வைத்திருந்த செல்வக் குடும்பத்தின் மகள். 1836இல் தென் பகுதிப் பெண்களுக்கு அவர் எழுதிய வேண்டுகோள் நூல் சொந்த ஊரிலேயே எரிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பி வர வேண்டாம் என்று எச்சரிக்கையும் வந்தது.

வாய்ப்பூட்டு விதி

அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் உறுதி செய்கிறது. வாக்குரிமை இல்லாத பெண்களும் மனு அனுப்பலாம். தலைநகரான வாஷிங்டன் மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கக் கோரி லட்சக்கணக்கான கையொப்பங்களுடன் மனுக்கள் பிரதிநிதிகள் சபைக்கு வந்து குவிந்தன. கையொப்பம் திரட்டியவர்களில் பெரும் பங்கினர் பெண்கள்.

1836 மே 26 அன்று சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. தென் கரோலினா உறுப்பினர் ஹென்றி பிங்க்னியின் தலைமையிலான குழு கொண்டுவந்தது அது. அடிமை முறை தொடர்பான எந்த மனுவும் அச்சிடப்படாமல், குழுவுக்கு அனுப்பப்படாமல், மேல் நடவடிக்கை எதுவுமின்றி ஒதுக்கி வைக்கப்படும் என்பதே அதன் சாரம். 117 பேர் ஆதரித்தனர். 68 பேர் எதிர்த்தனர். இதுவே வாய்ப்பூட்டு விதி எனப்பட்டது. நாட்டின் கொந்தளிப்பைத் தணித்து அமைதியை மீட்பதே நோக்கம் என்று கொண்டுவந்தவர்கள் கூறினார்கள். வட பகுதி உறுப்பினர் பலரின் வாக்கு இல்லாமல் இது நிறைவேறியிருக்க முடியாது. கட்சி ஒற்றுமை கலையாமல் இருக்க அவர்களும் கை தூக்கினார்கள்.

இதை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1825 முதல் 1829 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர். பின் 1831 முதல் பிரதிநிதிகள் சபையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்தவர். தொடக்கத்தில் அவர் அடிமை ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். மனு அனுப்பும் உரிமை பறிக்கப்பட்டதே அவரைக் களத்தில் இறக்கியது. விதிகளின் சந்து பொந்துகளையெல்லாம் பயன்படுத்தி அவர் மனுக்களை அவைக்குள் கொண்டுவந்தபடியே இருந்தார். 1837 பிப்ரவரியில் அடிமைகளே கையொப்பமிட்டதாக ஒரு மனு தன்னிடம் இருப்பதாகவும், அதை அளிக்கலாமா என்றும் அவைத் தலைவரைக் கேட்டார். அவை கொந்தளித்தது, அவரைக் கண்டிக்கவும் வெளியேற்றவும் வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. கடைசியில், அந்த மனு அடிமை முறைக்கு எதிரானதே அல்ல என்பது தெரியவந்தது. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே கோபம் வந்துவிட்டது.

1842இல் ஆடம்ஸ்மீது மீண்டும் கண்டனத் தீர்மானம் வந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் அவர் தன் தரப்பை வாதாடினார், தீர்மானம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் ஒஹாயோ உறுப்பினர் ஜோஷுவா கிடிங்ஸ் அடிமை முறை குறித்த தீர்மானங்களைக் கொண்டுவந்ததற்காகக் கண்டிக்கப்பட்டார். அவர் பதவி விலகித் தன் தொகுதிக்குத் திரும்பினார்; இடைத்தேர்தலில் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்று மீண்டும் வந்தார். 1844 டிசம்பர் 3 அன்று 108க்கு 80 என்ற வாக்குகளில் வாய்ப்பூட்டு விதி நீக்கப்பட்டது.

விதி இருந்த எட்டு ஆண்டுகளில் அமைதி வந்ததா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. மனுக்கள் குறையவில்லை, பெருகின. அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வட பகுதி மக்கள் பலரும், தங்கள் உரிமையும் பறிபோகிறது என்று உணர்ந்தது இந்த விதியால்தான்.

வட பகுதியின் சகிப்பின்மை

சகிப்பின்மை தெற்கின் தனிச் சொத்தாக இருக்கவில்லை. 1835 அக்டோபர் 21 அன்று பாஸ்டனில் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கக் கூட்டத்தைக் கலைத்த கும்பல், காரிசனைக் கயிற்றால் கட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. அவர் உயிரைக் காப்பாற்ற நகரத் தந்தை அவரைச் சிறையில் வைக்க வேண்டியதாயிற்று. கும்பலில் இருந்தவர்களில் பலர் நல்ல உடை அணிந்த வணிகர்களும் சொத்துள்ளவர்களும்தான். தென் பகுதிப் பருத்தியோடு பாஸ்டனின் வணிகம் பின்னிக் கிடந்தது.

எலிஜா லவ்ஜாய் என்ற பாதிரியார் மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரில் இதழ் நடத்தியவர். அங்கே ஒரு கறுப்பின மனிதரைக் கும்பல் உயிரோடு எரித்ததை அவர் கண்டித்தார். எதிர்ப்பு வலுத்ததால் ஆற்றுக்கு அப்பால், அடிமை முறை இல்லாத இலினாய் மாநிலத்தின் ஆல்ட்டன் நகருக்கு 1836இல் குடிபெயர்ந்தார். அங்கும் அவருடைய அச்சு இயந்திரங்கள் அடுத்தடுத்து அழிக்கப்பட்டன. புதிதாக வந்த இயந்திரத்தைக் கிடங்கில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தபோது 1837 நவம்பர் 7 இரவு அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 35ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

எந்தக் கூட்டத்துக்கும் மண்டபம் கிடைக்காத நிலையில், அடிமை ஒழிப்பாளர்கள் பணம் திரட்டிப் பிலடெல்பியாவில் 'பென்சில்வேனியா ஹால்' என்ற பெரிய அரங்கைக் கட்டினார்கள். 1838 மே 14 அன்று அது திறக்கப்பட்டது. 16ஆம் நாள் ஏஞ்சலினா கிரிம்கே அங்கே பேசியபோது சன்னல்களில் கல் விழுந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. மறுநாள் இரவு அரங்கம் எரிக்கப்பட்டது. தீயணைப்பவர்கள் பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்தார்கள். கறுப்பின மக்களும் வெள்ளையர்களும், ஆண்களும் பெண்களும் ஒரே அரங்கில் கலந்து அமர்ந்ததே கும்பலுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

1856 மே: ஒரு வாரம்

ஒரு பகுதியில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்பதை அங்கே குடியேறுபவர்களே தீர்மானிக்கட்டும் என்று 1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் கூறியது. காதுக்கு இது ஜனநாயகமாகவே ஒலித்தது. ஆனால் இரு தரப்பிலிருந்தும் ஆயுதம் ஏந்தியவர்கள் கான்சசில் குவிந்தார்கள்.

1856 மே 19, 20 நாட்களில் மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் கான்சஸ் நிலைமை குறித்து நீண்ட உரை நிகழ்த்தினார். வாதம் வலுவானது, ஆனால் நடை கண்ணியமானது அல்ல. அவையில் அப்போது இல்லாத தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரைக் கேலி செய்தார். 21ஆம் நாள் கான்சசின் லாரன்ஸ் நகரை அடிமை முறை ஆதரவாளர்கள் சூறையாடி அச்சு இயந்திரங்களை நொறுக்கினார்கள். 22ஆம் நாள் பட்லரின் உறவினரான பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ், செனட் அரங்கில் தன் மேசையில் எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடியால் தடி உடையும் வரை அடித்தார். தரையோடு பிணைத்திருந்த மேசையைப் பெயர்த்துக்கொண்டு எழுந்த சம்னர் இரத்த வெள்ளத்தில் சரிந்தார். தடுக்க வந்தவர்களைப் புரூக்சின் நண்பர் லாரன்ஸ் கீட் மிரட்டி நிறுத்தினார். 24ஆம் நாள் இரவு கான்சசில் அடிமை எதிர்ப்பாளரான ஜான் பிரவுனின் குழு ஐந்து பேரை வீடுகளிலிருந்து இழுத்து வந்து வெட்டிக் கொன்றது.

அடியைவிடக் கவலைக்குரியது அதற்குக் கிடைத்த வரவேற்பு. புரூக்சை வெளியேற்றும் தீர்மானத்துக்கு 121 பேர் ஆதரவும் 95 பேர் எதிர்ப்பும் தெரிவித்தனர். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் அது தோற்றது. நீதிமன்றம் 300 டாலர் அபராதம் விதித்தது. அவரே பதவி விலகி மீண்டும் தேர்தலில் நின்று வென்றார். ஆதரவாளர்கள் அவருக்குப் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். உடல் தேறி 1859 டிசம்பரில்தான் சம்னர் பணிக்குத் திரும்பினார். அதுவரை மாசசூசெட்ஸ் வேறொருவரை அனுப்பாமல் அந்த இருக்கையைக் காலியாகவே வைத்திருந்தது.

அதே ஆண்டில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் பெஞ்சமின் ஹெட்ரிக், குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு வாக்களிக்க விரும்புவதாகச் சொன்னதற்காக வேலையை இழந்தார். அவர் அதே மாநிலத்தில் பிறந்தவர்.

1858 பிப்ரவரி 6 அதிகாலையில் பிரதிநிதிகள் சபையிலேயே பெரும் அடிதடி நடந்தது. மிசிசிப்பி உறுப்பினர் வில்லியம் பார்க்ஸ்டேலின் பொய்முடி கழன்று விழ, அவர் அதைத் திருப்பி அணிந்துகொள்ள, எல்லோரும் சிரித்துவிட்டதால் சண்டை நின்றது என்பார்கள். 1830க்கும் 1860க்கும் இடையே நாடாளுமன்ற உறுப்பினர்கள் சம்பந்தப்பட்ட 70க்கும் மேற்பட்ட வன்முறை நிகழ்வுகளை வரலாற்றாசிரியர் ஜோவன் ஃப்ரீமேன் ஆவணங்களிலிருந்து கண்டெடுத்துள்ளார்.

ஏழு மேடைகள்

இந்தச் சூழலிலும் முறையான விவாதம் சாத்தியம் என்பதற்கு 1858இல் இலினாயில் நடந்த லிங்கன்–டக்ளஸ் விவாதங்கள் சான்று. செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும் ஆகஸ்ட் 21 முதல் அக்டோபர் 15 வரை ஏழு ஊர்களில் ஒரே மேடையில் பேசினார்கள். முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம், மற்றவருக்கு 90 நிமிடம், முதலில் பேசியவர் பதிலளிக்க 30 நிமிடம் என்பது ஒப்பந்தம். ஆயிரக்கணக்கானோர் மூன்று மணி நேரம் நின்று கேட்டார்கள். சுருக்கெழுத்தாளர்கள் எழுதிய உரைகளை இரு கட்சிச் செய்தித்தாள்களும் வெளியிட்டன. பின்னர் அவற்றை நூலாக்க முனைந்த லிங்கன், தன் உரைகளைத் தன் கட்சி இதழிலிருந்தும் டக்ளசின் உரைகளை டக்ளசின் கட்சி இதழிலிருந்தும் எடுத்தார். எதிராளியின் சொல்லை எதிராளி ஏற்கும் வடிவிலேயே பதிவு செய்வது என்ற நேர்மை அதில் இருந்தது.

அந்த விவாதங்களுக்குப் பயன் இருந்தது. ஃப்ரீபோர்ட் ஊரில் லிங்கன் கேட்ட கேள்விக்கு டக்ளஸ் நழுவாமல் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பதில் இலினாயில் அவருக்கு உதவியது. தெற்கில் அவருக்கு இருந்த ஆதரவைக் குலைத்தது. செனட் பதவி டக்ளசுக்கே கிடைத்தது. கடைசி மேடை ஆல்ட்டன். லவ்ஜாய் கொல்லப்பட்டு 21 ஆண்டுகள் ஆகியிருந்தன; அதே ஊரில் அடிமை முறை அறத்துக்கு மாறானது என்று லிங்கன் வெளிப்படையாகப் பேசினார்; எவரும் கல் எறியவில்லை.

ஆனால் இந்த மேடைகளின் குறையையும் சொல்ல வேண்டும். விவாதத்தின் பொருளாக இருந்த மக்களுக்கு அங்கே இடமில்லை. இலினாயில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கிடையாது. வெளியிலிருந்து அவர்கள் குடியேறுவதையே 1853ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சார்ல்ஸ்டன் என்ற இலினாய் ஊரில் பேசிய லிங்கனே, இரு இனங்களின் சமூக, அரசியல் சமத்துவத்தைத் தான் ஆதரிக்கவில்லை என்று சொன்னார். மரியாதையான விவாதமும் அது தொடங்கும் இடத்திலேயே சிலரை வெளியே நிறுத்திவிடக்கூடும்.

கேட்பவரின் உரிமை

அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் பிரெடெரிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி, நாட்டின் தலைசிறந்த பேச்சாளர்களில் ஒருவரானவர். 1860 டிசம்பர் 3 அன்று பாஸ்டனின் டிரெமான்ட் டெம்பிள் அரங்கில் அவர் கலந்துகொண்ட கூட்டத்தை ஒரு கும்பல் கலைத்தது. சில நாட்களில் அதே நகரில் பேசிய அவர், ஒருவரைப் பேச விடாமல் தடுப்பது இரட்டைக் குற்றம் என்று வாதிட்டார். பேசுபவரின் உரிமை மட்டுமல்ல, கேட்பவரின் உரிமையும் அதில் பறிக்கப்படுகிறது என்பது அவர் கருத்து.

அந்த ஆண்டுத் தேர்தலே அதற்குச் சான்று. அக்காலத்தில் வாக்குச்சீட்டுகளை அரசு அச்சிடவில்லை; கட்சிகளே அச்சிட்டு வழங்கின. தெற்கின் பல மாநிலங்களில் லிங்கன் பெயர் தாங்கிய சீட்டை வழங்க ஆளே இல்லை. சுமார் 40 விழுக்காடு வாக்குகளுடன் அவர் குடியரசுத் தலைவரானபோது, தென் பகுதி வாக்காளர்களில் பெரும்பாலோர் அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் பேச்சைக்கூட நேரில் கேட்டதில்லை. தங்கள் தலைவர்கள் வரைந்து காட்டிய லிங்கனைத்தான் அவர்கள் அறிந்திருந்தார்கள். 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்து சென்றது.

முடிவுரை

முப்பது ஆண்டுகளின் வரிசை தெளிவானது. முதலில் சட்டமன்ற விவாதம் நின்றது. பின் அஞ்சல் நின்றது. பின் மனு நின்றது. அச்சு இயந்திரமும் அரங்கமும் அழிந்தன. இறுதியில் அவை உறுப்பினரின் உடல்மீதே அடி விழுந்தது. ஒவ்வொரு படியிலும் 'இத்தோடு அமைதி திரும்பும்' என்று நம்பிய நடுநிலையாளர்கள் இருந்தார்கள். சம்னரின் கடுஞ்சொல்லையும் ஜான் பிரவுனின் கொலைகளையும் நியாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவற்றுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மென்மையான மனுக்களுக்கும் அவையில் கதவு அடைக்கப்பட்டுவிட்டது என்பதை மறக்கக் கூடாது. கண்ணியமாகப் பேசியவர்களைக் கேட்க மறுத்த அவை, பிறகு கண்ணியம் குறைந்துவிட்டது என்று வருந்தியது.

உரையாடினால் மட்டும் போர் தவிர்க்கப்பட்டிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1850ஆம் ஆண்டுச் சமரசம் உரையாடலின் விளைவுதான். அதன் விலையாகத் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கொடிய சட்டம் வந்தது. இருவர் பேசி மூன்றாமவரை விற்பதும் சமரசம் என்றே பெயர் பெறுகிறது.

போர் முடிந்து 1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1874 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் ஒரு காட்சி. சம்னர் முன்வைத்த குடியுரிமைச் சட்ட முன்வரைவை எதிர்த்துப் பேசியவர், பிரிந்து சென்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். அவருக்கு வரிக்கு வரி பதிலளித்தவர் புரூக்சின் மாநிலமான தென் கரோலினா தேர்ந்தெடுத்து அனுப்பிய கறுப்பின உறுப்பினர் ராபர்ட் எலியட். அடிமைகளின் மனு ஒன்றை எடுத்துக் காட்டியதற்கே கொந்தளித்த அதே சபை அவர் உரையை முழுவதும் கேட்டது.

அதுவும் நிலைக்கவில்லை. வன்முறையாலும் வாக்குரிமைப் பறிப்பாலும் கறுப்பின மக்கள் மீண்டும் வெளியேற்றப்பட்டார்கள். 1901 மார்ச் முதல் 1929 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டுகளில் அவை பெரும்பாலும் அமைதியாகவே நடந்தது.